தொடாமல் சூடு அறிதல்: ஆலைகளுக்கு அகச்சிவப்பு உணரியைத் தெரிவு செய்வது எப்படி?

கொரோனாத் தொற்று பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் நம் பள்ளிவாசல் வாசல்களில் துவக்கு வடிவிலான வெப்பமானி ஒன்று வந்து சேர்ந்தது. தொழ வருபவரின் நெற்றிக்கு நேரே அதைப் பிடிப்பார்கள். ஒரு நொடியில் இலக்கம் விழும். அந்த நாட்களில் உப்புவெளியிலும் நகரத்திலும் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "இது தலைக்குள்ள ஏதோ கதிர அடிக்குதாமே, மூளைக்குக் கெடுதி இல்லயா?" நெற்றியைக் காட்டாமல் மணிக்கட்டை நீட்டியவர்களும் உண்டு.

தொற்று அடங்கியது. துவக்குகள் அலுமாரிக்குள் போயின. இப்போது அவற்றில் சில வேறு இடங்களில் தலைகாட்டுகின்றன. அரிசி ஆலைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் மரக்காலைகளிலும் மோட்டர் சூட்டைப் பார்க்க அதே கருவியை நீட்டுகிறார்கள். வளைகுடா நாடுகளின் பெரிய ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தம்பிமார், "அங்க எல்லாம் தொடாமத்தான் பார்ப்பாங்க" என்று முதலாளிமாருக்குச் சொல்கிறார்கள். ஆகவே கேள்வியும் மாறிவிட்டது: "நானா, நல்ல துவக்கு ஒண்டு வாங்கணும். எது நல்லது?"

இந்த இரண்டாவது கேள்விக்கான விடையே இக்கட்டுரை. ஆனால் முதல் கேள்வியின் விடை விளங்காமல் இரண்டாவதற்கு விடை சொல்ல முடியாது. (இக்கட்டுரையில் பாகை என்று வருவதெல்லாம் செல்சியஸ்.)

வீசுவது இல்லை, வாங்குவது

கண் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விக்கு யூக்ளிட், தொலமி முதலிய கிரேக்க அறிஞர்கள் சொன்ன விடை, கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்பது. பஸராவில் சுமார் 965இல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம், தமது 'கிதாபுல் மனாளிர்' நூலில் அதைத் திருப்பிப் போட்டார். பொருளிலிருந்துதான் ஒளி கண்ணுக்கு வருகிறது, கண் வாங்குகிறது. சூரியனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறதே, அது வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருவதால்தானே என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று.

பள்ளி வாசலில் நின்ற கருவியும் அப்படித்தான். அது எதையும் தலைக்குள் அடிப்பதில்லை. நெற்றியிலிருந்து எப்போதும் வெளிவந்துகொண்டிருக்கும் கதிரை ஒரு வில்லையால் கூட்டி, உள்ளே இருக்கும் சிறு உணரியில் விழச் செய்கிறது. ஆலைக் கருவிகளில் தெரியும் சிவப்புப் பொட்டு, இடத்தைக் காட்டுவதற்கான லேசர் மட்டுமே. அளவீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த லேசர் கண்ணில் படக்கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் உண்மையானது.

எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. இரும்பு சுமார் 525 பாகையைத் தாண்டும்போது மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்குகிறது. அதற்குக் கீழேயும் கதிர் வருகிறது; நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் பிரித்து, சிவப்புக்கு அப்பால், வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தபோது, அங்கேதான் சூடு கூடுதலாக ஏறியது. அந்தக் கதிரைத்தான் அகச்சிவப்பு என்கிறோம்.

சூடு கூடக் கூட இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. கதிரின் மொத்த அளவு மிக வேகமாக ஏறுகிறது. கதிர் உச்சமாக வரும் அலைநீளம் குறுகுகிறது. 37 பாகை உடம்பின் உச்சம் 9.3 மைக்ரோமீட்டரில், 600 பாகை இரும்பின் உச்சம் 3.3இல்; 1450 பாகைச் சூளையின் உச்சம் 1.7இல். உணரி தெரிவு செய்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கருவி சூட்டை அளப்பதில்லை. தன்னிடம் வந்து சேர்ந்த கதிரை அளக்கிறது. பிறகு, "இப்படியான மேற்பரப்பிலிருந்து இவ்வளவு கதிர் வந்தால் சூடு இவ்வளவாக இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. கணக்கின் அடிப்படை பிழைத்தால் இலக்கமும் பிழைக்கும். ஆனால் திரையில் விழும் இலக்கம் எப்போதும் ஒரே தெளிவோடுதான் விழும். ஆபத்து அதில்தான்.

காய்ச்சல் துவக்கு ஆலைக்கு ஆகாது

நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒரு குறுகிய வீச்சுக்குள் மட்டுமே வேலை செய்யும்படி செய்யப்பட்டது. பெரும்பாலும் 32 பாகைக்கும் 43 பாகைக்கும் இடையில். அது தோலின் சூட்டை அப்படியே காட்டுவதும் இல்லை. தோலின் சூட்டிலிருந்து உடம்பின் உட்சூட்டைக் கணித்து, அந்தக் கணிப்பைத்தான் காட்டுகிறது. மனிதத் தோலுக்கான அந்தக் கணக்கை மோட்டரின் உடம்புக்குப் போட்டால் வரும் இலக்கத்துக்குப் பொருள் இல்லை. மறுபக்கமும் உண்மை: ஆலைத் துவக்கு இரண்டு பாகை கூடக்குறையக் காட்டலாம் என்று அதன் பெட்டியிலேயே எழுதியிருக்கும். மோட்டருக்கு அது போதும், காய்ச்சலுக்குக் காணாது.

முதல் கேள்வி: எந்த மேற்பரப்பு?

ஒரே சூட்டில் இருக்கும் இரண்டு பொருட்கள் ஒரே அளவு கதிர் வீசுவதில்லை. முழுமையாக வீசக்கூடிய கற்பனைக் கரும்பொருளுக்கு 1 என்று வைத்து, மற்றவற்றை அதன் பின்னமாகச் சொல்வார்கள். இதுவே உமிழ்திறன், கருவிகளின் கையேட்டில் எமிசிவிட்டி என்று இருக்கும். மனிதத் தோல் 0.98. நிறம் எதுவானாலும் சாதாரண பெயின்ட், றப்பர், சீமெந்து, செங்கல், தண்ணீர் எல்லாம் 0.9க்கு மேல். துருப்பிடித்த இரும்பு 0.8 அளவில். பளபளப்பான அலுமினியமும் செப்பும் 0.1க்கும் கீழே இறங்கிவிடும். மலிவான துவக்குகள் பெரும்பாலானவற்றில் இந்த எண் 0.95 என்று பூட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். நெல் அவிக்கும் ஆலையில் நீராவிக் குழாய்க்கு மேல் பளபளப்பான அலுமினியத் தகடு போர்த்தியிருக்கிறது. உள்ளே காப்புப் பஞ்சு கெட்டுப்போய் அந்தத் தகட்டின் சூடு 120 பாகைக்கு ஏறிவிட்டது என்று வைப்போம். தகட்டின் உமிழ்திறன் 0.1, சுற்றுப்புறம் 32 பாகை. 0.95இல் பூட்டிய துவக்கு அங்கே சுமார் 45 பாகை என்றுதான் காட்டும். ஏனென்றால் அதற்கு வந்து சேரும் கதிரில் பெரும்பங்கு தகட்டினுடையது அல்ல. கண்ணாடியில் முகம் தெரிவதுபோல, சுற்றியுள்ள சுவரின் கதிர் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. "45தானே" என்று நம்பிக் கை வைப்பவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மருந்து மலிவானது. இயந்திரம் நிற்கும்போது, பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சூடு கூடிய இடமானால் வெப்பம் தாங்கும் மங்கல் பெயின்டில் உள்ளங்கை அளவு பூசுங்கள். இனி எப்போதும் அந்த இடத்தில் மட்டும் பாருங்கள். டேப், பெயின்ட் இரண்டும் 0.95ஐ ஒட்டியவை. பல சமயம் விலை கூடிய உணரியை வாங்குவதைவிட ஒரு டப்பா பெயின்ட் கூடுதலாக உதவும்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது மின்பலகையில் மிகவும் முக்கியம். உப்புக் காற்று செப்பு இணைப்புகளை அரிக்கிறது. இணைப்பு தளர்ந்தால் சூடேறும். சூடேறினால் மேலும் தளரும். தீப்பிடிப்பது அப்படித்தான். அந்தச் சூட்டைத் தேடிப் பளபளக்கும் செப்புப் பட்டையை நேரே பார்த்தால் கருவி ஏமாற்றும். இணைப்பை ஒட்டிய வயரின் காப்புறையைப் பார்க்க வேண்டும், அல்லது மின்சாரம் துண்டித்த நேரத்தில் முன்கூட்டியே டேப் ஒட்டி வைக்க வேண்டும். மின்னோட்டம் உள்ள பலகையைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. தொடாமல் பார்க்கும் கருவி கையில் இருப்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடாது.

இரண்டாவது கேள்வி: எந்த அலைநீளம்?

சந்தையில் கிடைக்கும் துவக்குகளில் பெரும்பாலானவை 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையான கதிரை வாங்குபவை. காற்றில் உள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் இந்த இடைவெளியில் கதிரை அதிகம் உறிஞ்சுவதில்லை. சாதாரணச் சூட்டில் உள்ள பொருட்கள் கூடுதலாக வீசுவதும் இங்கேதான். நெல், மா, றப்பர், மரம், மோட்டர், பெயரிங், ஐஸ் என்று நம் மாவட்டத்துச் சிறு ஆலைகளுக்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

சூடான உலோகத்துக்கு இது போதாது. ஒரு விதியை நினைவில் வைக்கலாம்: அளக்க வேண்டிய சூட்டுக்கு எவ்வளவு குறுகிய அலைநீளம் பொருந்துமோ அதை எடுக்க வேண்டும். காரணத்தையும் கணக்கிலேயே பார்க்கலாம். 900 பாகையில் இருக்கும் இரும்பை அளக்கிறோம். அதன் உமிழ்திறனை நாம் 10 வீதம் பிழையாக வைத்துவிட்டோம். 10 மைக்ரோமீட்டரில் பார்க்கும் உணரியில் அந்தப் பிழை கிட்டத்தட்ட 70 பாகையாக வெளிப்படும். 1 மைக்ரோமீட்டரில் பார்க்கும் உணரியில் அதே பிழை சுமார் 10 பாகைதான். சூடான இரும்பின் மேல் செதில் படிவதும் உதிர்வதுமாக இருப்பதால் உமிழ்திறன் நொடிக்கு நொடி மாறும். ஆகவே உருக்கு உருட்டும் இடங்களில் 1 மைக்ரோமீட்டரை ஒட்டிய உணரிகளே பொருத்தம். 1960களில் சோவியத் உதவியோடு ஒருவலையில் எழுந்த உருக்கு ஆலை போன்ற இடங்களின் தேவை இது. இந்த வகையில் சிலிக்கன் உணரிகள் 600 பாகையளவிலிருந்துதான் பயன்தரும். அதற்குக் கீழே போனால் அவற்றுக்கு வந்து சேரும் கதிர் போதாது.

சில பொருட்களுக்கென்று தனி அலைநீளங்கள் உண்டு. கண்ணாடி குறுகிய அலைநீளக் கதிரைத் தன்னூடே விட்டுவிடும். எனவே அதன் மேற்பரப்புச் சூட்டை 5 மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். ஹொரணையில் இயங்கும் போத்தல் ஆலை போன்றவற்றில் இது அன்றாடத் தேவை. மெல்லிய பொலித்தீன் தாளுக்கு 3.43 மைக்ரோமீட்டர், மற்ற அலைநீளங்களில் உணரி தாளைத் தாண்டி அப்பால் இருப்பதைப் பார்த்துவிடும். தீச்சுவாலைக்கு ஊடாக உலையின் உட்சுவரைப் பார்க்க 3.9 மைக்ரோமீட்டர் உதவும். எரிவாயுக்களின் கதிர் அங்கே குறைவு.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு பெரிய பொட்டு?

லேசர் காட்டுவது ஒரு புள்ளி. கருவி பார்ப்பது ஒரு வட்டம். தூரம் கூடக் கூட வட்டம் பெருக்கும். கருவியில் 12:1 என்று எழுதியிருந்தால், 12 அடி தூரத்தில் 1 அடி அகல வட்டத்தின் சராசரியைக் காட்டும் என்பது பொருள். 3 மீட்டர் தூரத்தில் அந்த வட்டம் 25 சென்ரிமீட்டர். 8 சென்ரிமீட்டர் அகலப் பெயரிங் ஒன்றை அங்கிருந்து பார்த்தால் பெயரிங்கும் பின்னால் உள்ள சுவரும் கலந்த ஓர் இலக்கம் கிடைக்கும்; பெயரிங் எரிந்துகொண்டிருந்தாலும் இலக்கம் அமைதியாக இருக்கும். 50:1 கருவியில் அதே தூரத்தில் வட்டம் 6 சென்ரிமீட்டர். அளக்கும் பொருள் அந்த வட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால் நிம்மதி.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு மீற்றர் நாடாவை எடுத்து இரண்டு அளவுகளை எழுதிக்கொள்ள வேண்டும்: எவ்வளவு கிட்டப் போக முடியும், பார்க்க வேண்டிய இடம் எவ்வளவு அகலம். இந்த இரண்டும் இல்லாமல் எந்த விற்பனையாளராலும் சரியான கருவியைச் சொல்ல முடியாது.

நான்காவது கேள்வி: நடுவில் என்ன இருக்கிறது?

நம் கண்ணுக்குத் தெளிவான கண்ணாடி, 8 முதல் 14 மைக்ரோமீட்டர் உணரிக்குச் சுவர். உலையின் கண்ணாடி யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தால் அந்தக் கண்ணாடியின் சூடுதான் கிடைக்கும். ஜேர்மேனியம், சிங்க் செலனைட், கல்சியம் புளோரைட் போன்றவற்றால் செய்த யன்னல்களே இந்தக் கதிரை விடும். எது எந்த அலைநீளத்தை விடும் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

நம் ஊரின் பெயரிலேயே உள்ள உப்பும் இந்தக் கதிரை விடும் பொருட்களில் ஒன்று. கண்ணாடி மறிக்கும் வெப்பக் கதிரைப் பாறையுப்புப் பளிங்கு விட்டுவிடுகிறது என்பதைப் பயன்படுத்தித்தான், இத்தாலியரான மெலோனி 1830களில் உப்பு முப்பட்டகங்களால் வெப்பக் கதிரை ஆராய்ந்தார். இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம கடல் உப்பு வில்லையில படிஞ்சாப் பரவாயில்ல" என்று நினைத்துவிடக் கூடாது. மெலோனியின் உப்பு தீட்டிய உலர்ந்த பளிங்கு. நம் வில்லையில் படிவது ஈரத்தோடு சேர்ந்த பொருக்கு. அந்த ஈரம் கதிரை உறிஞ்சும், பொருக்கு சிதறடிக்கும், மேற்பூச்சையும் அரிக்கும். கடற்கரையோரத்தில் நிலையாகப் பொருத்தும் உணரிக்கு மூடிய உறையும், வில்லைக்கு முன்னால் சுத்தமான உலர் காற்றை வீசும் ஏற்பாடும் வேண்டும். வில்லையைத் துடைக்கும் நாளையும் குறித்துவைக்க வேண்டும்.

தூசியும் நீராவியும் உள்ள இடங்களில், சூடு போதிய அளவு உயர்ந்திருந்தால், இரு நிற உணரி கைகொடுக்கும். அது இரண்டு அலைநீளங்களில் கதிரை வாங்கி, அவற்றின் விகிதத்திலிருந்து சூட்டைக் கணிக்கிறது. தூசி இரண்டையும் ஒரே அளவில் மறைத்தால் விகிதம் மாறாது. சில நூறு பாகைக்குக் கீழே உள்ள வேலைக்கு இது பயன்படாது, விலையும் கூட. அரிசி ஆலைப் பெயரிங்குக்கு இதை விற்க வருபவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கேள்விகள் எழும் இடங்கள்

சீனக்குடாவில் கோதுமை மா அரைக்கும் பெரிய ஆலை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குகிறது. மா தூசியாகக் காற்றில் மிதக்கும்போது வெடிமருந்துக்கு நிகரானது என்பதை உலகம் விலைகொடுத்துக் கற்றது. 1878 மே 2ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வோஷ்பேர்ன் மா ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். தூசி இருக்கும் இடத்தில் சூடேறிய ஒரு பெயரிங்கோ வழுக்கி உராயும் பெல்ட்டோ போதும். இத்தகைய இடத்தில் பொருத்தும் உணரியே பொறி உண்டாக்கக் கூடாது. வெடிப்புப் பாதுகாப்புச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். எண்ணெய்த் தாங்கிகளின் அருகிலும் இதே விதிதான்.

சீமெந்தைப் பொறுத்தவரை இரண்டு விதமான தேவைகள் உண்டு. திருகோணமலையில் நடப்பது, கப்பலில் வரும் கிளிங்கரை ஜிப்சத்தோடு அரைப்பது. அரைக்கும் உராய்வில் சூடு 110, 120 பாகைக்கு மேல் ஏறினால் ஜிப்சம் தன்னிடமுள்ள நீரை இழக்கத் தொடங்கும். அந்தச் சீமெந்து குழைத்ததும் பொய்யாக இறுகும், கொத்தனார் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார், வீடு பலவீனப்படும். இது 8 முதல் 14 மைக்ரோமீட்டருக்கு உரிய வேலை.

சுழல் சூளையின் தேவை வேறு. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை ஆலை 1990இல் போரால் நின்றுபோன பின், நம் நாட்டில் சூளை எரித்துச் சீமெந்து செய்யும் இடம் புத்தளம் பாலாவி ஒன்றுதான். இத்தகைய சூளைக்குள் 1450 பாகை. இரும்புக் குழலைக் காப்பது உள்ளே அடுக்கிய தீக்கற்கள். வெளித்தகட்டின் சூடு சாதாரணமாக 200 முதல் 350 பாகை வரை இருக்கும். ஒரு கல் கழன்று விழுந்தால் அந்த இடம் வெளியே சிவந்துவரும். கவனிக்காவிட்டால் குழலே வளையும். சுழன்றுகொண்டிருக்கும் அந்த நீண்ட குழலில் யாரும் கை வைக்க முடியாது. எனவே தூரத்தில் நிற்கும் வரிவருடி ஒன்று, சுழலும் ஆடியால் குழலின் நீளம் முழுவதையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்து வரைபடமாக்கும். ஆக, ஒரே சூளையின் உள்ளே சுவாலைக்கும் தூசிக்கும் ஊடாகப் பார்க்க குறுகிய அலைநீள இரு நிற உணரி. வெளியே தகட்டைப் பார்க்க வேகமான வரிவருடி. எது நல்லது என்று ஒற்றைக் கேள்வி கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் அரிசி ஆலைக்கு வருவோம். பெயரிங் சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஓடும் பெல்ட்டுக்கு அருகே சட்டைக் கையோடு கையை நீட்டுவதுதான் அதிலுள்ள ஆபத்து. இதற்கு 0 முதல் 300 பாகை வரை காட்டும், உமிழ்திறனை மாற்றக்கூடிய, 12:1க்குக் குறையாத ஒரு கைத்துவக்கு போதும். பெயரிங் கூட்டில் மங்கல் பெயின்ட் பூசிய ஒரு பொட்டு. நிற்கும் இடத்தைக் காட்ட நிலத்தில் ஒரு கோடு. கிரீஸ் போட்ட சாதாரண பெயரிங்கின் வெளிக்கூடு 80 பாகையைத் தாண்டினால் நிறுத்திப் பார்ப்பது நல்லது. அதைவிடவும் உதவுவது ஒப்பீடு: நேற்று 52, இன்று 63 என்றால், அல்லது பக்கத்துப் பெயரிங் 50இல் இருக்க இது 68 என்றால், 80 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே வாங்கக் கூடாது

அகச்சிவப்பு உணரி மேற்தோலை மட்டுமே பார்க்கும். நெற்குவியலின் உள்ளே, எண்ணெயின் அடியில், பெயரிங்கின் நடுவில் என்ன சூடு என்பது அதற்குத் தெரியாது. விதை நெல்லை உலர்த்தும்போது 43 பாகைக்கு மேல் சூடேறினால் முளைதிறன் கெடும். அங்கே குவியலுக்குள் செருகும் சாதாரண வெப்பமானியே நம்பகமானது. அசையாத, தொடக்கூடிய, ஆபத்தில்லாத எந்த இடத்திலும் ஒரு தேர்மோகப்பிளோ பிடி100 உணரியோ மலிவாகவும் சரியாகவும் வேலை செய்யும். அசைவது, மின்னோட்டம் உள்ளது, எட்டாதது, தொட்டால் கெடுவது, தொடும் கருவியையே உருக்கிவிடுவது ஆகியவற்றுக்குத்தான் தொடாத கருவி.

நிலையாகப் பொருத்துவதானால் உணரி நிற்கும் இடத்தின் சூட்டையும் பார்க்க வேண்டும். சாதாரண உணரியின் மின்னணுப் பகுதி 50, 60 பாகை வரைதான் தாங்கும். கொதிகலனின் முன்னே அதற்குத் தண்ணீர் ஓடும் மேலுறை வேண்டிவரும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளவையின் அமானிதம்

அளவையில் குறைவு செய்வோரின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது: 83ஆவது, அல்-முதஃப்பிஃபீன். அல்-காஸினி 1121இல் தராசு ஒன்றைப் பற்றியே 'மீஸானுல் ஹிக்மா' என்று பெருநூல் எழுதி, பிழை எங்கிருந்து வரும் என்பதை ஆராய்ந்தார். தராசு பிழைத்தால் நட்டம் வாடிக்கையாளருக்கு. வெப்பமானி பிழைத்தால் நட்டம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு. அவர் பெரும்பாலும் அதை வாங்கியவர் அல்ல, நாட்கூலிக்கு வந்தவர்.

ஆகவே கருவியைச் சோதிக்கும் வழியை ஒவ்வோர் ஆலையும் அறிந்திருக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் இடித்த ஐஸை நிரப்பி, ஐஸ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, சில நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். வட்டம் பாத்திரத்துக்குள் அடங்கும்படி கிட்டப் பிடித்துப் பார்த்தால் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் துவக்கு 0 பாகையை ஒட்டிக் காட்ட வேண்டும். இரண்டு பாகைக்கு மேல் விலகினால் அதை நம்ப முடியாது. குளிர் அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்த கருவியை அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். உயர்ந்த சூட்டுக்கான உணரிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது கரும்பொருள் உலை உள்ள அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

விற்பனையாளருக்கு எழுதும் கடிதத்தில் ஏழு விடயங்கள் இருந்தால் போதும்: அளக்கும் பொருளும் அதன் மேற்பரப்பும், சாதாரணமாகவும் உச்சமாகவும் வரும் சூடு, தூரமும் அகலமும், நடுவில் உள்ள தூசி, புகை, கண்ணாடி, உணரி நிற்கும் இடத்தின் சூடு, எவ்வளவு வேகமாக இலக்கம் வேண்டும், எரியக்கூடிய தூசியோ ஆவியோ உண்டா. இந்த ஏழையும் கேட்காமலே "இதுதான் சேர் நல்லது" என்று ஒரு பெட்டியை நீட்டுபவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்கிய பின் முதலாளியின் லாச்சிக்குள் வைக்கவும் வேண்டாம். இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கட்டும். கூடவே ஒரு கொப்பியும் பென்சிலும். காலையிலும் மாலையிலும் இலக்கத்தை எழுதுபவர் அங்கே நின்று வேலை செய்பவராகவே இருக்கட்டும். எந்த இலக்கத்துக்கு மேல் போனால் யாரையும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்தலாம் என்பதை, முதலாளி தன் கையெழுத்தோடு அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.